சேதராப்பட்டு ஒடியா மெஸ்: ஹெல்பரைத் தேடிப் போய் தட்டோடு உட்கார்ந்த கதை

இந்தக் கடைக்கு நான் முதல்முதலில் போனது சாப்பிட இல்லை, ஆள் பிடிக்க.

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் நான். போன வருஷம் ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் எட்டு மெஷினுக்கு அஞ்சு ஹெல்பர்தான் நிற்கிறான். மூணு பேரைக் காணோம். போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். காண்ட்ராக்டரைக் கேட்டால், "ஒடம்பு சரியில்லையாம் சார், நாளைக்கு வந்துடுவானுங்க" என்கிறார். மூணு பேருக்கும் ஒரே ராத்திரியில் உடம்பு சரியில்லாமல் போனால் அது காய்ச்சல் இல்லை, வேற கம்பெனி. மதியம் டீ பிரேக்கில் மிச்சமிருந்த ஒருத்தனை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாயி மெஸ்ல கேளுங்க சார்" என்றான்.

போனேன். மூணு பேரும் கிடைக்கவில்லை. ஒரு தட்டு சோறு கிடைத்தது. அன்றைக்குப் பிடித்தது, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இப்போது அங்கேதான் மதியச் சாப்பாடு. யாரோ ஒருத்தர் இந்தக் கடையைப் பற்றி "வடக்கன் கடை, சுத்தம் கம்மி, தமிழ் ஆளுங்களுக்கு செட் ஆகாது" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரா என்பதே சந்தேகம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைக்குப் போர்டு கிடையாது. மயிலம் ரோட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குள் திரும்பி, லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் நீல நிறத் தண்ணீர் டிரம் ரெண்டு. வாசலில் பத்து, பதினைந்து பழைய சைக்கிள் சாய்த்துக் கிடந்தால் அதுதான் மெஸ். உள்ளே பிளாஸ்டிக் மேசை ஆறு, ஸ்டூல் இருபதுக்கு மேல், சுவரில் ஜெகந்நாதர் படம். பெரிய வட்டக் கண்ணோடு அந்தச் சாமி பார்க்கிற பார்வையில் சோறு மிச்சம் வைக்க மனசு வராது. கடைக்காரரை எல்லாரும் "பாயி" என்று கூப்பிடுகிறார்கள். ஒடியாவில் அண்ணன், தம்பி என்று அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இது புரியாமல், எதிரே டயர் பஞ்சர் கடைக்காரர் முதல் ரம்ஜானுக்கு "இன்னா பாய், பிரியாணி இல்லியா?" என்று வந்து நின்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் பாயி.

அவருக்கு ஊர் கேந்திரபாடா ஜில்லா. அந்த ஜில்லாவுக்கு இந்தியா முழுக்க ஒரு பெயர் இருக்கிறது: பிளம்பர் ஊர். டெல்லியானாலும் பெங்களூரானாலும் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் குழாய் வேலை செய்கிற கூட்டத்தில் கேந்திரபாடாக்காரன் இருப்பான். அங்கே பட்டாமுண்டை என்ற ஊரில் பிளம்பிங்குக்கென்றே அரசாங்கப் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். பாயியின் அண்ணன் ரெண்டு பேரும் பிளம்பர். இவர் மட்டும் 2009-ல் மாமா பையன் பேச்சைக் கேட்டு இங்கே வந்து பிரஸ் ஷாப்பில் (தகடு அழுத்தி வெட்டுகிற பட்டறை) ஹெல்பராகச் சேர்ந்தார். காண்ட்ராக்டரே சாப்பாடு போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு. "சாப்பாடுன்னு பேர்தான்ணா. பருப்புத் தண்ணியில பருப்ப தேடணும்." ரூமில் எட்டுப் பேருக்கு இவரே சமைக்க ஆரம்பித்தார். எட்டு பதினைந்தாச்சு, பதினைந்து நாற்பதாச்சு. ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வேலையை விட்டுவிட்டு, ஊரிலிருந்து மனைவியைக் கூட்டி வந்துவிட்டார். "பிரஸ்ல பன்னெண்டு மணி நேரம். இங்க பதினெட்டு மணி நேரம். ஆனா இங்க எனக்கு நான்தான் சூப்பர்வைசர்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

மதியம் சாப்பாடு 70 ரூபாய். புழுங்கலரிசிச் சோறு எவ்வளவு வேண்டுமானாலும், தால்மா, ஒரு பொரியல், உருளைக்கிழங்கு பர்த்தா (மசியல்), ஒரு பச்சை மிளகாய், ஒரு வெங்காயத் துண்டு. தால்மா என்பது அவர்களுடைய சாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்போடு வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய், பப்பாளிக்காய் எல்லாம் போட்டு வேகவைத்து, சீரகம், வெந்தயம், கடுகு, சோம்பு, கருஞ்சீரகம் அஞ்சையும் தாளிக்கிறார்கள். புளி கிடையாது. முதல் நாள் எனக்கு அது நோயாளிச் சாப்பாடு மாதிரி இருந்தது. மூணாவது தடவை போனபோது கரண்டியை நானே கையில் வாங்கிக்கொண்டேன். பர்த்தாவில் பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றுவார்கள், மூக்கில் ஏறும். பிடிக்காதவர்கள் "எண்ணெ வாணாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அக்கா தனியாக எடுத்து வைப்பார். அக்கா என்பது பாயியின் மனைவி. தமிழ் அவரைவிட இவருக்குத்தான் நன்றாக வருகிறது, அதுவும் சுத்தமான சேதராப்பட்டுத் தமிழ்.

மீன் தனி, 40 ரூபாய். இதில்தான் எனக்கு ஒரு ஆச்சரியம். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கடல். வஞ்சிரமும் சங்கராவும் வந்து இறங்குகிற ஊர். இவர்களுக்கு அது ஆகாது. ஆந்திராவிலிருந்து ஐஸில் வரும் ரோகு, கட்லா, அதாவது குளத்து மீன், அதுதான் வேண்டும். மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் பையன் ஒருத்தன் கடல் மீனை "உப்பு மீன்" என்று ஒதுக்கி வைத்தான். முதலியார்பேட்டையில் பிறந்தவன் நான், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. ஆனால் ரோகு மீனைக் கடுகு அரைத்துப் போட்டுச் செய்கிற அந்தக் குழம்புக்கு முழு மார்க் கொடுக்கிறேன். முள் அதிகம், அவசரத்தில் இருப்பவர்கள் ஆர்டர் பண்ணாதீர்கள்.

இனி பக்காளா. அதைச் சாப்பிடத்தான் நீங்கள் அங்கே போக வேண்டும். 40 ரூபாய். வெயில் காலத்தில் பதினோரு மணிக்கே தீர்ந்துவிடும்.

பக்காளா என்றால் வேறொன்றுமில்லை, பழைய சோறு. ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு எவர்சில்வர் கிண்ணத்தில் தருகிறார்கள். பக்கத்தில் பொரித்த 'படி'. இது நம் வடகம் மாதிரிதான், ஆனால் உளுந்தை அரைத்து வெள்ளைப் பூசணி சேர்த்துக் காயவைத்தது. வாயில் போட்டால் மொறுமொறுவென்று நொறுங்கும். அப்புறம் கீரை வதக்கல், பச்சை மிளகாய், கருவாடு. கருவாட்டை மட்டும் பாயி கடலூர் முதுநகரிலிருந்து வாங்கி வருகிறார், "ஒடிசாவுலகூட இப்டி கெடைக்காது" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். முதல் தடவை அந்தக் கிண்ணத்தில் கை வைத்தபோது எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்தது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எங்கம்மா பழையதில் தயிர் ஊற்றமாட்டார், நீராகாரமாக அப்பா குடிப்பார், அவ்வளவுதான். ஆனால் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறவனும் மிஞ்சின சோற்றுக்கு இதே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருந்தது. அவர்கள் மார்ச் 20-ஆம் தேதியைப் பக்காளா தினம் என்றே கொண்டாடுகிறார்கள். இந்த வருஷம் அன்றைக்குப் போயிருந்தேன், ஒன்பது விதம் தொட்டுக்கொள்ள வைத்து 60 ரூபாய். நாம் பழைய சோறு சாப்பிட்டதை வெளியே சொல்லவே கூச்சப்பட்டவர்கள்.

ராத்திரி ரொட்டி. பீகார் பசங்களுக்காகப் போடுகிறார்கள். சுமார்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்றால், நானும் மாச மெஸ்ஸில் சாப்பிட்டவன். 2007-ல் சிங்கப்பூர் போனேன். ஏஜெண்டுக்கு ரெண்டேகால் லட்சம், வீட்டு நகை பூராவும் அடகில். நாள் சம்பளம் 18 வெள்ளி, ஓட்டி, அதாவது ஓவர்டைம், பார்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். கேட்டரிங் சாப்பாடு விடியற்காலை அஞ்சு மணிக்கு முன்னால் வரும், மதியச் சோறும் அதோடயே வந்துவிடும். லாரியில் ஏறும்போதே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய், சைட்டில் ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டரைக்குப் பிரித்தால் குழம்பு ஊசிப்போயிருக்கும், பொட்டலத்தைச் சுற்றி எறும்பு. சோற்றை மட்டும் கழுவித் தின்ற நாள் உண்டு. கடன் அடையவே பதினோரு மாசம் ஆனது. அதனால் ஒரு மெஸ் நல்லதா கெட்டதா என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: மத்தியானச் சோறு சூடாக இருக்கிறதா. இங்கே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஒரு உலை, ஒன்றரைக்கு இன்னொரு உலை என்று வைக்கிறார்கள்.

கடையில் சோற்றுக்கு அடுத்தபடி முக்கியமானது ஒரு நோட்டு. நீள சைஸ் அக்கவுண்ட் நோட்டு, அட்டை கிழிந்து நூல் கட்டியிருக்கும். மாசக் கணக்குக்காரர்கள் அறுபது பேருக்கு மேல். காலை டிபன், ரெண்டு வேளைச் சோறு சேர்த்து மாசம் 3,200. நோட்டை எழுதுவது பாயியின் மகள். பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். ஒடியா பேசுவாள், எழுத வராது. எல்லாப் பெயரும் தமிழில்தான். "சின்ன சந்தோஷ்: மீன் 1, முட்டை 2. பெரிய சந்தோஷ்: பழையது மட்டும். பீகார் அண்ணன் (தாடி): ரொட்டி 6." பக்காளாவுக்கு அவள் பழையது என்றே எழுதுகிறாள்.

அந்த நோட்டின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒருத்தனுடைய மாசக் கணக்கை முழுசாகக் கேட்டேன். எங்கள் கம்பெனி ஒடியா ஹெல்பர்தான், இருபத்துமூணு வயசு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டுக்குப் பிடித்தம் போகக் கையில் 650. மாசம் 26 நாள் என்றால் 16,900. மெஸ் 3,200. பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் ஆறு பேர், அவன் பங்கு வாடகையும் கரண்டும் சேர்த்து 1,200. போன் ரீசார்ஜ் 300. டீ, சோப்பு, முடிவெட்டு, ஞாயிற்றுக்கிழமை பீச் எல்லாம் 800. மிச்சம் 11,400. அதில் 11,000 அன்றைக்கே ஊருக்குப் போய்விடும். முன்பெல்லாம் கமிஷன் பிடித்துக்கொண்டு பணம் அனுப்பித் தரும் கடையில் வரிசையில் நிற்பார்கள். இப்போது போனிலேயே அனுப்பிவிட்டு, அக்கா கொண்டுவந்து வைக்கிற சோற்றில் கை வைக்கிறான்.

"ஊர்லயே வேலை இல்லியாடா?" என்றேன். இருக்கிறதாம். நெல் நடவு, அறுப்பு, அவ்வளவுதான், மிச்ச மாசம் உட்கார வேண்டியது. நூறு நாள் வேலைக் கூலி 2024-25-ல் ஒடிசாவுக்கு 254 ரூபாய், பீகாருக்கு 245. நம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 319. முர்ஷிதாபாத் பையனின் ஊர்ப் பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது, 2022 மார்ச்சில் மேற்கு வங்காளத்துக்கு மத்திய அரசு பணத்தை நிறுத்தியதில் அங்கே வேலையே நின்றுவிட்டது. அவன் அப்பா, சித்தப்பா, இவன் என்று மூணு பேரும் அந்த வருஷமே ரயில் ஏறினார்கள். "பசிக்கு வரலை சார்" என்று என்னைத் திருத்தினான் ஒடியா பையன். சோறு ஊரில் கிடைக்கிறது, ரேஷனில் ஆளுக்கு அஞ்சு கிலோ வருகிறது. மொத்தமாக ஒரு தொகைதான் கிடைக்காது. கூடப் பிறந்த அக்காவுக்குக் கல்யாணம் பண்ண வாங்கிய ஒன்றரை லட்சம், அஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டுத் தளம் போட ரெண்டு லட்சம். ஒடிசாவில் எத்தனை வருஷம் மண் வெட்டினாலும் அது சேராது. இங்கே மூணு வருஷம். அவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் சிங்கப்பூரில் எண்ணிய மாதிரி.

ரேஷன் என்றதும் ஒன்று. எந்த ஊர் கார்டை வைத்தும் எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று திட்டம் வந்திருக்கிறதல்லவா, அது புதுச்சேரியில் இவர்களுக்கு ரொம்ப நாள் உபயோகப்படவில்லை. எங்களுக்கே அரிசிக்குப் பதில் பேங்கில் பணம் போடுகிறோம் என்று சொல்லி ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, 2024 தீபாவளி சமயத்தில்தான் மறுபடி திறந்தார்கள். ஆனால் இந்த ஊர் அமைப்பு தெரியுமே. ரெண்டு தெரு தள்ளினால் தமிழ்நாடு, வானூர் தாலுகா. குடும்பத்தோடு வந்த ரெண்டொருத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கைரேகை வைத்து அரிசி வாங்கி வந்துவிடுவார்களாம். நம்ம ஆள் குவார்ட்டருக்கு இந்தப் பக்கம் வருகிறான், அவர்கள் அரிசிக்கு அந்தப் பக்கம் போகிறார்கள்.

சரி, என் மூணு ஹெல்பர் கதைக்கு வருகிறேன். இந்தக் கடையில் எனக்கு இருக்கிற ஒரே பெரிய குறையும் அதுதான்.

இந்த மெஸ் ஒரு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச். எந்தக் கம்பெனியில் 30 ரூபாய் கூட, எங்கே ஓட்டிக்கு ஒழுங்காகக் காசு வருகிறது, எந்தக் காண்ட்ராக்டர் பத்தாம் தேதி சம்பளத்தை இருபதாம் தேதி தருகிறார், எங்கே ஹெல்பராகப் போய் ஆறு மாசத்தில் ஆபரேட்டர் ஆகலாம், எல்லாம் ராத்திரி எட்டரை மணிக்கு அந்த ஆறு மேசையில் பேசி முடிந்துவிடும். மறுநாள் காலை எனக்கு ரெண்டு ஆள் குறையும். சென்னையில் 50 ரூபாய் அதிகம் என்று ஒருத்தன் ஆரம்பித்தால், ரூம் வாடகையில் போய்விடும் என்று இன்னொருத்தன் அடக்குவான். ஹெல்பர், ஆபரேட்டர், மெஷினில் டை (அச்சு) மாற்றத் தெரிந்த செட்டர், அதற்கு மேல் தானே ஊரிலிருந்து பத்துப் பையன்களைக் கூட்டி வருகிற மேஸ்திரி. இவ்வளவுதான் ஏணி. கம்பெனி ரோலில் நிரந்தரமாகப் போவது என்பது அதில் ஒரு படியாகவே இல்லை. எங்கள் ஃப்ளோரில் நான் பார்த்து ஒருத்தன்கூட ஆனதில்லை. அதனால் 30 ரூபாய்க்காக ஓடுகிறான் என்று நான் அவனைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். இருந்தால் மட்டும் என்ன தரப்போகிறோம்?

அதெல்லாம் நியாயம். ஆனால் ஆள் தேவைப்படுகிற காண்ட்ராக்டர்கள் இரவில் பைக்கில் வந்து பாயியிடம் ஓரமாகப் பேசுகிறார்கள். அப்புறம் பாயி ரெண்டு பையன்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். ஒரு தலைக்கு இவ்வளவு என்று கை மாறுகிறது, நானே ஒரு தடவை பார்த்தேன். கேட்டால், "சோத்துப் பாக்கி வசூல்ணா" என்றார். சோற்றுப் பாக்கியை எதற்குக் காண்ட்ராக்டர் தருகிறார்? பையன்களுக்கு இந்த விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பாக்கி அதிகம் வைத்திருக்கிறவன்தான் முதலில் அனுப்பப்படுகிறான் என்பது மட்டும் நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இவரும் எனக்கு ரெண்டேகால் லட்சம் வாங்கின ஏஜெண்டின் தம்பியாகத்தான் தெரிகிறார். ஒரு ஸ்டார் இதற்காகக் குறைக்கிறேன்.

பி.எஃப். விஷயத்தில் அவர் பண்ணுகிற உதவியையும் சொல்ல வேண்டும். இந்தப் பசங்களுக்குக் கம்பெனி மாறும்போதெல்லாம் காண்ட்ராக்டர் புதுசாக ஒரு யூ.ஏ.என். நம்பர் (பி.எஃப். கணக்கு நம்பர்) போட்டுவிடுகிறார், பழையதில் ஏழாயிரம், புதியதில் நாலாயிரம் என்று ஆதாரில் ஒரு எழுத்து வித்தியாசத்தால் பணம் மாட்டிக்கொள்கிறது. பாயி ஒவ்வொருத்தனையும் போனில் அவன் நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்கிறார். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கார்டு இல்லாதவன் பிரஸ் ஷாப்புக்குப் போகிறேன் என்றால் சோறு போட மாட்டேன் என்று மிரட்டுகிறார். நம் சம்பளத்தில் அதற்குப் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான், விரல் போனால் அதன் அருமை தெரியும் என்பார். பிரஸ் ஷாப்பில் அவர் பார்த்ததை நான் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு என் மச்சான் வந்திருந்தான், இந்த மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். பக்காளாவை ரெண்டு கிண்ணம் அடித்துவிட்டு வெளியே வந்து, "இவனுங்க வந்துதான் மாமா நம்ம பசங்களுக்கு வேலை போச்சு" என்றான். வழக்கமாக இதற்குச் சொல்கிற பதில் ஒன்று உண்டு: நம் பசங்கள் வருவதில்லை, டூ வீலர் ஷோரூமில் 12,000-க்கு டை கட்டிக்கொண்டு நிற்பார்களே தவிர மெஷினில் நிற்க மாட்டார்கள் என்று. நானும் அதைத்தான் சொல்லி வந்தேன். இப்போது முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஏரியா ஐ.டி.ஐ. பையன் ஒருத்தன் இன்டர்வியூவுக்கு வந்தான். எட்டு மணி நேரம்தானே, ஓட்டிக்கு டபுள்தானே, சம்பளச் சீட்டு தருவீர்களா என்று மூணே மூணு கேள்வி கேட்டான். மூணும் சட்டப்படி சரியான கேள்வி. காண்ட்ராக்டர் அவனை "அப்புறம் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார். ஒடியா பையன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, அவனுக்கு அந்த நாலு மணி நேரக் காசு வேண்டும், ரூமில் உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறான்.

எங்கப்பா ரோடியர் மில்லில் 31 வருஷம் நெசவு. ஏ.எஃப்.டி. என்பார்கள், எங்கள் வீட்டில் கடைசிவரை ரோடியர் மில்தான். 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு மில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஜூலை முப்பதுக்கும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாலை போடப் போவார். 2011 கடைசியில் தானே புயல் மில் கூரையைப் பிய்த்துப் போட்டது, அதற்கப்புறம் மில் எழுந்திருக்கவே இல்லை, 2020 ஏப்ரலோடு மூடியே விட்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு உயிரைக் கொடுத்த ஊரில் நான் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் என் வேலை நேரத்தை நான் சொன்னதே இல்லை.

மெஸ்ஸுக்கே திரும்புகிறேன். 2023 மார்ச்சில் ஹோலிக்கு முன்னால், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அந்த வாரம் எங்கள் ஃப்ளோரில் பதினெட்டுப் பேரில் ஏழு பேர் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். மிச்சப் பேர் நின்றதற்கு அக்காதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. சாயங்காலம் ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் வீடியோ கால் போட்டு, அடுப்படி, மேசை, எதிரே பஞ்சர் கடைக்காரர் எல்லாரையும் காட்டியிருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு கேமராவில் கை ஆட்டினாராம், ஒரு பையனின் அம்மா அலறிவிட்டாராம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கொட்டகையில் ரெண்டு தகரம் பறந்தது. மறுநாள் மதியம் முழங்கால் தண்ணீரில் நின்று கிச்சடி வடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கணக்கு எழுதாமல். கேந்திரபாடாவில் பிறந்தவனுக்குப் புயல் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. "இது சின்னதுண்ணா. தொண்ணூத்தொம்பதுல வந்தது பாத்திருக்கணும்" என்றார். தானே புயலைப் பார்த்தவன் என்பதால் நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அரை மணி நேரம் யாருடைய புயல் பெரிசு என்று சண்டை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவுகிற இடம் மோசம், குட்கா துப்பிய சிவப்புக் கறை சுவர் முழுக்க. குழந்தைகளோடு போகிற இடம் இல்லை. ஆளாளுக்குப் போனில் போஜ்புரிப் பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார்கள். பில் கேட்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. ஜிபே உண்டு, ஸ்பீக்கர் பணம் வந்ததைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் அக்கா தலையாட்டுவார்.

துர்கா பூஜை முதல் சட் பூஜை வரைக்கும் கூட்டம் பாதியாகிவிடும், நிம்மதியாக உட்காரலாம். இங்கிருந்து ஹவுராவுக்கும் புவனேஸ்வருக்கும் வாரத்துக்கு ஒரு ரயில்தான், அதில் இடம் கிடைக்காதவர்கள் சென்னைக்குப் போய் ஏறுகிறார்கள். அந்தச் சமயம் மெனு சுருங்கும், பக்காளா இருக்காது.

காணாமல் போன மூணு பேரில் ஒருத்தனைத் தை மாசம் அங்கேயே பார்த்தேன். வானூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராம், 780. என்னைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து நின்றுவிட்டான். உட்காரச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம், அவன் மெஷினில் டை கூலிங் சரியாக வரவில்லை என்றான், வாட்டர் லைனைப் பார்க்கச் சொன்னேன். கிளம்பும்போது மகள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். "சூப்பர்வைசர் மாமா: பழையது 2, கருவாடு 1. பாக்கி 140." மச்சானைக் கூட்டிப் போன நாள் கணக்கு.

சம்பளம் போடுகிற வாரம் சனிக்கிழமை ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. வண்டியை டிரம் பக்கத்தில் நிறுத்த வேண்டாம், மதியம் தண்ணீர் லாரி வரும்.